திங்கட்கிழமை எடுத்த ரத்தம்

ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அந்த ஏழாம் வகுப்பிலும் கணக்கில் தேறவில்லை. அந்தக் கன்னியப்பன்தான் உத்திரமேரூரில் முதல் ரத்தப் பரிசோதனை நிலையத்தைத் தொடங்கினான். எனக்கு முன்னால் இந்தப் பக்கத்து ஜனங்கள் சர்க்கரை பார்ப்பதென்றாலும் காஞ்சிபுரத்துக்கோ செங்கல்பட்டுக்கோ பேருந்து ஏற வேண்டும். பேருந்து நிலையத்துக்குப் பின்னால், சைக்கிள் நிறுத்துமிடத்தை ஒட்டி ஒற்றை அறை. ஒரு மேசை, பழைய நுண்ணோக்கி ஒன்று, ரத்தத்தைச் சுழற்றித் தெளிய வைக்கக் கையால் சுற்றுகிற இயந்திரம் ஒன்று. சூடு மாறாமல் நிற்கும் தண்ணீர்த் தொட்டி வாங்க எனக்கு வழியில்லை. சோறு வடிக்கிற அலுமினிய டேக்சா ஒன்றில், கோழிக்குஞ்சு பொரிக்கும் பெட்டியிலிருந்து கழற்றிய சூடு நிறுத்தும் கருவியைப் பொருத்தி நானே செய்தேன். முப்பத்தேழு டிகிரியில் வைத்தால் அப்படியே நிற்கும். கம்பெனி ஆள் ஒருவர் வந்து குனிந்து பார்த்து, "யாருங்க செஞ்சது?" என்றார். கையைத் தூக்கிக் காட்டினேன். அவசரத்துக்கு ரத்தம் கொடுக்கக்கூடியவர்களின் பேரும் ஊரும் வகையும் எழுதிய நோட்டு ஒன்றை இந்த வட்டாரத்தில் முதலில் வைத்திருந்தவனும் நான்தான். பிற்பாடு ஒற்றை அறை மூன்று அறையானது. பட்டயம் படித்தவர்கள் என்னிடம் வேலைக்கு வந்தார்கள். இதில் எதையும் யாரும் எனக்குத் தூக்கிக் கொடுக்கவில்லை. சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமும் இல்லை.

இரண்டு வருஷத்துக்கு முன் கண்பார்வை மங்கியதும் நிலையத்தை ரேவதியிடம் ஒப்படைத்துவிட்டேன். என்னிடம் பதினான்கு வருஷம் வேலை பார்த்தவர். இப்போது நம் பரிசோதனை நிலையத்தார் சங்கத்தின் செயலாளர், சங்கம் போடும் இந்த ஆண்டு மலரின் ஆசிரியரும் அவர்தான். போன மாதம் வீட்டுக்கு வந்து, "இப்பல்லாம் விரல்ல ஒரு சொட்டு எடுத்து மெஷின்ல வெச்சா ரத்தம் எவ்ளோ நேரத்துல உறையுதுன்னு அதுவே சொல்லிடுது சார். நீங்க கையால பார்த்த கதையெல்லாம் புதுப் பிள்ளைங்களுக்குத் தெரியாது. நாலு சம்பவம் எழுதிக் குடுங்க" என்றார். நாலு எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஒன்றுதான் வருகிறது. அதற்குத் தேவையான அளவுக்கு மற்றதைச் சொல்கிறேன்.

காஞ்சிபுரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் குப்பி கழுவுகிற வேலைக்குத்தான் சேர்ந்தேன். ஆறு வருஷம் கழுவினேன். கழுவிக்கொண்டே பார்த்தேன். பார்த்ததைச் செய்தேன். என் படிப்பு அவ்வளவுதான்.

அங்கே பரிசோதனைக்கூடத்துக்குப் பொறுப்பு தேவசகாயம் சார். ஒல்லியான மனிதர். வெள்ளைச் சட்டையில் ஒரு கறை இருக்காது. குரலை உயர்த்த மாட்டார், அவசரப்படவும் மாட்டார். ரத்தம் உறையும் நேரம் பார்க்கிற பரிசோதனைக்கு பி.டி. என்று பேர். அதை அவர் செய்யும்போது அந்த அறையில் யாரும் வாய் திறக்கக் கூடாது. முதலில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். தெளிந்த ரத்த நீரைக் கண்ணாடிக் குழாயில் விட்டு வெதுவெதுப்பான தொட்டியில் நிறுத்துவார். உறைய வைக்கும் மருந்தை மேலே விடும் அந்தக் கணத்தில் இடது கையால் கடிகாரத்தை அழுத்துவார். குழாயை மெல்லச் சாய்ப்பார், நிமிர்த்துவார், சாய்ப்பார். சரியான நேரத்தில் வெளியே எடுத்து மேசை விளக்கின் முன் பிடிப்பார். வெந்நீரில் முட்டை வெள்ளைக்கரு விழுந்தால் இழுபடுமே, அப்படி ஒரு இழை திரளும். அந்த இழை தெரிகிற கணம் கடிகாரம் நிற்கும். நல்ல உடம்பென்றால் பன்னிரண்டு, பதின்மூன்று விநாடி. ஒவ்வொரு தடவையும் நோயாளியின் ரத்தத்தோடு நல்ல ஆள் ஒருவரின் ரத்தத்தையும் சேர்த்துப் பார்ப்பார், அதற்குக் கண்ட்ரோல் என்று பேர். அது சரியாக வந்தால் நம் மருந்தும் தொட்டியும் சரி என்று அர்த்தம்.

கடிகாரம் நின்றதும் அவர் செய்கிற முதல் காரியம், எண்ணை நோட்டில் எழுதுவது. எவ்வளவு விபரீதமான எண்ணாக இருந்தாலும் எழுதிவிடுவார். "பார்த்ததை முதல்ல எழுது கன்னியப்பா. சந்தேகம் இருந்தா பக்கத்துல எழுது. அடிச்சி எழுதாதே" என்பார்.

குடல் அறுவை செய்த ஒருவருக்கு மூன்றாவது வாரம் தையல் போட்ட இடத்தில் ரத்தம் கசிந்துகொண்டே இருந்தது. பெரிய டாக்டர் மறுபடி வயிற்றைத் திறக்கலாமா என்று யோசித்தார். தேவசகாயம் சார் பி.டி. பார்த்தார். நாற்பது விநாடி தாண்டியது. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு என்னிடம் சொன்னார்: "மூணு வாரமா இவர் வாயில சோறு போகல. வெறும் குளுகோஸ். கிருமிக்குக் கடுமையான மருந்து வேற. ரத்தம் உறையறதுக்கு வைட்டமின் கே வேணும். அது கீரையில இருக்கு. நம்ம குடல்ல இருக்கற நல்ல கிருமிங்களும் கொஞ்சம் செய்யும். சாப்பாடும் இல்ல, கிருமிங்களையும் மருந்து சாகடிச்சிடுச்சு. அப்புறம் எங்கேர்ந்து உறையும்?"

ஒரு துண்டுத் தாளில் எண்ணை எழுதி எடுத்துக்கொண்டு மாடி ஏறிப் போனார். நானும் பின்னாலேயே போனேன். "வைட்டமின் கே ஊசி ஒண்ணு போட்டுப் பாருங்க டாக்டர். ஊசிக்கு முன்னாடி ஒரு ரத்தம் எடுத்தாச்சு. நாளைக்கு ஒண்ணு எடுத்துக்கறேன். நேரம் குறைஞ்சா வைட்டமின் பற்றாக்குறை. குறையலைன்னா ஈரல் கோளாறு" என்றார். மறுநாள் பதினான்கு விநாடி. கசிவு நின்றுவிட்டது. அடுத்த வாரம் பெரிய டாக்டர் மற்ற டாக்டர்களுக்கு அந்தக் கேஸை விளக்கியபோது தான் கண்டுபிடித்ததாகவே சொன்னார். வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த தேவசகாயம் சார் உள்ளே வந்து சாப்பாட்டு டப்பாவைத் திறந்து எலுமிச்சை சாதம் சாப்பிட்டார்.

"இன்னா சார், உங்க பேர சொல்லவே இல்லியே?" என்றேன்.

"அந்த ஆள் நடந்து வீட்டுக்குப் போனான் இல்ல? போதும்" என்றார்.

எனக்குப் போதவில்லை. என் பேரை நானே சொல்லிக்கொள்வேன் என்று அன்றைக்கே முடிவு செய்தேன். அப்படியே செய்தும் வந்தேன். என்னைத் தற்பெருமைக்காரன் என்று நம் சங்கத்தில் சிலர் சொல்வது காதில் விழாமல் இல்லை.

உத்திரமேரூரில் என் நிலையத்துக்கு எதிர்ச்சாரியில் ஒரு டாக்டர் சின்ன ஆஸ்பத்திரி வைத்திருந்தார். பத்துக் கட்டில். என்னைவிட இருபது வயது சின்னவர். கைராசியானவர், வாய்தான் கொஞ்சம் கூர்மை. பதினோரு வருஷத்துக்கு முன்னால், நிலபுலன் உள்ள ஒருவருக்குக் குடலிறக்க அறுவைக்கு நாள் குறித்திருந்தார். என் ரிப்போர்ட்டில் உறையும் நேரம் இருபத்தெட்டு விநாடி என்று வந்தது. அறுவை தள்ளிப்போனது. அவர்கள் சென்னைக்குப் போய் மறுபடி பார்த்தார்கள். பதின்மூன்று. தவறு என்னுடையதுதான். ரத்தம் உறையாமல் இருக்கக் குழாயில் சிட்ரேட் விட்டு வைப்போம். ஒன்பது பங்கு ரத்தத்துக்கு ஒரு பங்கு சிட்ரேட். எடுத்த ரத்தம் குறைந்துபோனால் சிட்ரேட் மிஞ்சிவிடும், நேரம் பொய்யாக நீளும். அன்றைக்கு ரத்தம் குறைவாக எடுத்திருக்கிறது. நான் கவனிக்கவில்லை.

டாக்டர் நோயாளிகள் நிறைந்த கூடத்தில் வைத்துச் சொன்னார்: "ஏழாங்கிளாஸ் ஃபெயிலானவர் கையில ரத்தம் குடுத்தா இப்படித்தான். இனிமே பி.டி.யெல்லாம் சென்னைக்கே அனுப்பலாமா?"

உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேரை எனக்குத் தெரியும். அந்தப் பேச்சு என்னை எவ்வளவு தின்றது என்று வீட்டிலும் சொல்லவில்லை.

அதற்கு அடுத்த மாதம் ஒரு திங்கட்கிழமை காலை. ஒன்பதரை, பத்து மணி இருக்கும். பக்கத்துக் கிராமத்துக் காலனியிலிருந்து ஏழுமலை தன் மனைவி பச்சையம்மாளை அழைத்துக்கொண்டு வந்தான். இரண்டு பேருமே நடவு, அறுப்பு என்று கூலி வேலைக்குப் போகிறவர்கள். பச்சையம்மாளுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். கண்ணெல்லாம் மஞ்சள், உடம்பெல்லாம் சொறிந்த தழும்பு. ஈறில் ரத்தம் கசிகிறது, முழங்கையில் உள்ளங்கை அகலத்துக்குக் கருநீலமாகக் கன்றியிருக்கிறது. எதிர்ச்சாரி டாக்டர் ஈரல் பரிசோதனையும் பி.டி.யும் எழுதி அனுப்பியிருந்தார்.

"எங்கம்மா இடிச்சிக்கின?" என்று கேட்டேன்.

"எங்கியும் இடிச்சிக்கல சாமி. வளையக்காரி கொஞ்சம் அமுக்கிப் புடிச்சா, அவ்ளோதான். புருசன் அடிச்சான்னு தெருவே பேசிக்கினு கீது. இந்தாளுக்கு அவ்ளோ தெம்பு ஏது, சொல்லு?"

ஏழுமலை வெட்கப்பட்டுச் சிரித்தான். ரேவதியும் சிரித்துக்கொண்டே கையில் ரப்பர் கட்டி ரத்தம் எடுத்தார்.

"மூணு மாசமா மோர் சோறுதான் துன்றேன். ரத்தம் செவப்பா வருதா, இல்ல வெள்ளையா வருதா பாரும்மே" என்றாள் பச்சையம்மாள்.

காமாலைக்குப் பச்சிலைச் சாறு ஊற்றுகிற ஒரு பெரியவரிடம் மூன்று மாதமாக மருந்து. ஞாயிறும் செவ்வாயும் சாறு குடிக்கும் நாள். பத்தியம் கடுமை. எண்ணெய் கூடாது, தாளிதம் கூடாது, கீரை கூடாது, கறி மீன் கிட்டவே வரக் கூடாது. மோர் விட்டுக் குழைத்த சோறு மட்டும். சாறு குடித்த அன்றைக்கு வாசல்படி தாண்டக் கூடாது. நம் பக்கத்தில் பாதி வீடுகளில் இருக்கிற பழக்கம்தான், நானும் சின்ன வயதில் இருந்திருக்கிறேன். தானாக வந்து தானாகப் போகிற காமாலைக்கு அதனால் பெரிய கேடில்லை. பச்சையம்மாளுக்கு வந்தது அது இல்லை. பித்தப்பையிலிருந்து இறங்கிய கல் பித்தக் குழாயை அடைத்துக்கொண்டிருந்தது. அது பிறகு ஸ்கேனில் தெரிந்தது. பித்தநீர் குடலுக்கு வந்தால்தான் வைட்டமின் கே உடம்பில் சேரும், கூடக் கொஞ்சம் எண்ணெய்ப் பசையும் வேண்டும். இவளுக்குப் பித்தநீர் வரவில்லை. எண்ணெயும் கீரையும் பத்தியத்தில் போயின. நடுவில் காய்ச்சல் வந்ததென்று மருந்துக்கடையில் கேட்டு வாங்கி இரண்டு வாரம் விழுங்கிய மாத்திரை குடலில் இருந்த நல்ல கிருமிகளையும் தீர்த்துவிட்டது.

இதெல்லாம் எனக்குத் தெரியாததல்ல. தேவசகாயம் சார் துண்டுத் தாளோடு மாடி ஏறியதைக் கண்ணால் பார்த்தவன் நான்.

பி.டி. போட்டேன். நல்ல ரத்தம் பதின்மூன்று விநாடியில் இழை கட்டியது. பச்சையம்மாள் ரத்தம் முப்பதிலும் கட்டவில்லை, அறுபதிலும் கட்டவில்லை. குழாயைச் சாய்த்தால் தண்ணீராக ஓடியது. இரண்டு நிமிடத்தில் கடிகாரத்தை நிறுத்தினேன். அவ்வளவு நேரம் போன ரத்தத்தை நான் அதுவரை பார்த்ததில்லை.

"டியூப்ல ரத்தம் குறைச்சலா எடுத்துட்டியாம்மா?" என்று ரேவதியைக் கேட்டேன்.

"இல்ல சார். கோடு வரைக்கும் இருக்கு, பாருங்க. கண்ட்ரோல் சரியா வந்திருக்கே. டாக்டருக்குப் போன் பண்ணிடலாமா?"

குழாயை வெளிச்சத்தில் பார்த்தேன். கோடு வரைக்கும் இருந்தது. ஆனால் என் காதில் ஏழாங்கிளாஸ் என்ற சத்தம்தான் கேட்டுக்கொண்டிருந்தது. இரண்டு நிமிடம் என்று எழுதி அனுப்பி, அது மறுபடி பொய்யாகப் போனால், கூடம் நிறைய ஆட்களை வைத்துக்கொண்டு டாக்டர் என்ன சொல்வார் என்று நினைத்தேன். நோட்டில் எண்ணை எழுதவில்லை. 'மாதிரி சரியில்லை, மீண்டும் எடுக்கவும்' என்று எழுதினேன்.

"சார், இன்னொரு தடவை இப்பவே எடுத்துடலாமே?" என்றார் ரேவதி.

எடுத்திருக்கலாம். ஊசி குத்திய இடத்தில் பஞ்சை எடுத்தால் இன்னமும் கசிந்துகொண்டிருந்தது. மறுபடி குத்தி அதுவும் நிற்காமல் போனால் ஜனங்கள் என்ன பேசுவார்கள் என்று அதையும் நினைத்தேன். மாலைக்குள் புது மருந்துக் குப்பி வந்துவிடும், அதில் போட்டுப் பார்த்தால் யாரும் கேள்வி கேட்க முடியாது என்றும் ஒரு கணக்கு.

ஏழுமலையிடம், "ரத்தம் சரியா வரல. நாளைக்கு வாங்க, மறுபடி எடுக்கணும்" என்றேன்.

"நாளைக்கு செவ்வாக்கெயம சார். மருந்து ஊத்துற நாளு. வூட்ட வுட்டு வரக் கூடாதே" என்றான்.

"வரக் கூடாதுன்னா புதன்கிழமை வா."

"எட்த்த ரத்தத்த திருப்பிக் குடுத்துடுவியா சாமி? எங்கிட்ட கீறதே கொஞ்சூண்டு" என்றாள் பச்சையம்மாள். பஞ்சை அழுத்திப் பிடித்தபடியே படி இறங்கிப் போனாள். எதிரே ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சொல்லிவிட்டுப் போங்கள் என்றுகூட நான் சொல்லவில்லை. இருபதடி தூரம்.

புதன்கிழமை காலை வந்தார்கள். சிரிப்பும் பேச்சும் இல்லை. "தலை வலிக்குது சாமி. நேத்துலேர்ந்து" என்றாள். நானே ரத்தம் எடுத்தேன். மூன்று குழாய். புது மருந்து. நல்ல ரத்தம் பதின்மூன்று. இவளுடையது இரண்டு நிமிடத்துக்கு மேல், மூன்று குழாயிலும்.

அதற்குப் பிறகு நான் செய்ததை இந்த வட்டாரத்தில் வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள். போன் பண்ணவில்லை. குழாயைக் கையில் பிடித்துக்கொண்டே சாலையைக் கடந்து டாக்டர் அறைக்குள் போனேன். குழாயைக் கவிழ்த்துக் காட்டினேன்.

"ஈரல் போயிடுச்சு போல" என்றார் டாக்டர்.

"இல்ல டாக்டர். ஈரல் ரிப்போர்ட் அவ்ளோ மோசமில்ல. மூணு மாசம் பத்தியம், காய்ச்சல் மாத்திரை, பித்தம் அடைச்சிக்கினு கீது. இது வைட்டமின் கே. ஊசி போடுங்க. நாளைக்குக் காலையில நான் மறுபடி பார்க்குறேன். நேரம் குறையலைன்னா என் லேபை இழுத்து மூடிடறேன்."

அவர் என்னைப் பார்த்தார். குழாயைப் பார்த்தார். பிறகு கட்டில் ஒதுக்கச் சொன்னார். நரம்பில் மெதுவாக ஊசி ஏறியது. காஞ்சிபுரத்திலிருந்து ரத்தநீர்ப் பை வாங்கிவர ஆள் போனது. அவரிடமும் குறை சொல்ல முடியாது. அந்த நாளில் செய்ய வேண்டியதைச் செய்தார்.

வியாழக்கிழமை விடிந்ததும் ரத்தம் எடுத்து வந்தேன். கடிகாரத்தை அழுத்தினேன். பத்து, பன்னிரண்டு, பதினான்கு. பதினைந்தாவது விநாடியில் இழை கட்டியது. கெட்டியாக, அழகாகக் கட்டியது. "ரேவதி, பார்த்தியா!" என்று கத்தினேன். என் தொழிலில் அதற்கு ஈடான பரிசோதனை ஒன்று நான் செய்ததில்லை. வெறும் கண்ணால், டேக்சாத் தண்ணீரில், ஏழாம் வகுப்புக்காரன் கண்டுபிடித்தது.

குழாயோடு எதிர்ப்பக்கம் ஓடினேன். கட்டிலைச் சுற்றி நர்சுகள் நின்றார்கள். பச்சையம்மாள் விடிகாலையில் இரண்டு தடவை வாந்தி எடுத்திருக்கிறாள். வலது கையும் காலும் துவண்டு கிடந்தன. கண் திறக்கவில்லை. தலைக்குள் ரத்தம் கசிந்துவிட்டது என்றார் டாக்டர். செவ்வாய்க்கிழமை தலைவலி வந்தபோதே தொடங்கியிருக்க வேண்டும் என்றார். ஆம்புலன்ஸில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். செங்கல்பட்டு போய்ச் சேருவதற்குள் உயிர் போய்விட்டது.

நான் திரும்பி வந்து உட்கார்ந்தேன். என் சட்டைப் பையில் அந்தக் குழாய் இருந்தது. உள்ளே ரத்தநீர் கட்டியாக, அசையாமல் இருந்தது. இரண்டு நாளுக்கு முன்னால் அப்படி இருந்திருக்க வேண்டியது.

அன்று மாலை நோட்டை எடுத்துத் திங்கட்கிழமைப் பக்கத்தைப் பார்த்தேன். நான் எழுதிய வரிக்குப் பக்கத்தில் பென்சிலில், சின்ன எழுத்தில், 'இரண்டு நிமிடம், உறையவில்லை. கண்ட்ரோல் 13' என்று இருந்தது. ரேவதி எழுதியது. தேவசகாயம் சாரை அவர் பார்த்ததே இல்லை. ஆனாலும் சாருடைய ஆள் ரேவதிதான், நான் இல்லை. நான் ரப்பரை எடுத்து அதை அழித்தேன். மறுநாள் ரேவதி அந்தப் பக்கத்தைத் திறந்தபோது அழித்த இடத்தில் விரல் ஒரு கணம் நின்றது. இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட ஏன் என்று கேட்கவில்லை.

டாக்டர் அந்தக் கேஸை நன்றாக எழுதினார். பெரியவர்களுக்கும் வைட்டமின் குறைந்தால் ரத்தம் நிற்காமல் போகும், காமாலைப் பத்தியம் இருப்பவர்களைக் கவனியுங்கள் என்று கூட்டங்களில் பேசினார். அது நல்ல காரியம். அதைக் கேட்ட பிறகு எத்தனையோ பேருக்கு நேரத்தில் ஊசி போட்டிருப்பார்கள். கண்டுபிடித்தவர் என்று தன் பேரைப் போட்டுக்கொண்டார். ஊரெல்லாம் என் பேரை நானே சொல்லித் திரிகிற நான் அதற்கு மட்டும் வாய் திறக்கவில்லை. ஏனென்று மற்றவர்கள் யோசித்திருப்பார்கள். என் பேர் வந்தால் திங்கட்கிழமையும் கூட வரும்.

அந்தக் கேஸ் குறிப்பின் கடைசி வரி: 'நோயாளி காலதாமதமாக அழைத்து வரப்பட்டதால் காப்பாற்ற இயலவில்லை.' ஆஸ்பத்திரி கொடுத்த தாளிலும் அதே வரி. நம் மலரிலும் அந்தக் குறிப்பு அந்த வரியோடு அச்சாகப் போவதாக ரேவதி சொன்னார்.

அந்த வரி எங்கெல்லாம் போயிருக்கிறது என்று இந்தத் தை மாதம்தான் எனக்குத் தெரிந்தது. ஏழுமலை மகளுக்குக் கல்யாணம், பத்திரிகை வைத்தான். போனேன். மாமன் மாலை போட வேண்டிய நேரம் வந்தது. தாய்மாமன் இடத்தில் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் நின்றார். பச்சையம்மாளுக்குப் பழையசீவரத்தில் இரண்டு தம்பிகள் என்பது எனக்குத் தெரியும். பெண் மாலையை வாங்கிக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த வாரம் ஏழுமலை வீட்டுக்குப் போனேன். வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தான். எழுந்து நாற்காலி போட்டான்.

"மச்சானுங்க ஏன் வரல?" என்றேன்.

"எங்க வருவானுங்க சார்? பதினோரு வருசமா பேச்சு வார்த்தை இல்ல. அக்காவ பத்தியம்னு வூட்லயே போட்டுவெச்சி, சாவப்போற நேரத்துக்குத் தூக்கிக்கினு ஓடினவன் நீதானன்றானுங்க. ஆஸ்பத்திரி காயிதம் அவனுங்க கையில கீது. அதுல எழுதிக் கீதே, லேட்டா வந்தாங்கன்னு. நான் இன்னா சொல்றது? உண்மைதானே."

"உண்மையில்ல ஏழுமலை. நீ திங்கக்கிழமை காலையிலயே வந்துட்ட."

"வந்தேன். ரத்தம் சரியில்லன்னு நீ திருப்பி அனுப்ன. மறுநாளே வந்திருக்கணும். மருந்து ஊத்துற நாளுன்னு நான்தான் புதன்கெயம ஆக்கிட்டேன்."

"ரத்தம் சரியாத்தான் இருந்தது. அன்னிக்கே எனக்குத் தெரிஞ்சிபோச்சி. எழுதறதுக்குப் பயந்துட்டேன். நாளைக்கு வான்னு சொன்னதே தப்பு. அப்பவே எதிர அனுப்பியிருக்கணும்."

அவன் கையிலிருந்த கடலையை முறத்தில் போட்டான். அடுத்ததை எடுக்கவில்லை.

"அன்னிக்கே ஊசி போட்டிருந்தா பொய்ச்சிருப்பாளா?"

"சத்தியமா சொல்ல முடியாது. தலைவலி வர்றதுக்கு முன்னாடி போட்டிருப்பாங்க. அது வரைக்கும் சொல்லலாம்."

அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன்.

"பதினோரு வருசம்" என்றான். "நான் அந்தச் சாறு ஊத்துன சொம்ப இன்னும் தொடறதில்ல சார். நீ எதிர்லயே லேப்பு வெச்சிக்கினு ஒக்காந்துனு இருந்த. பஸ்டாண்டுல பார்த்தா நல்லா கீறியான்னு கேப்ப."

"உன் மச்சானுங்ககிட்ட நானே வந்து சொல்றேன்" என்றேன்.

"வாயால சொன்னா நம்ப மாட்டானுங்க. நான் சொல்லிக் குடுத்து இட்டுக்கினு வந்தேன்னுவானுங்க. அவனுங்க கையில கீறது காயிதம். நீயும் காயிதத்துல குடு. அச்சுல குடு. எம் பொண்ணு தலைச்சன் புள்ளைக்காவது மாமன் வூட்டுக்காரங்க வரட்டும்."

ஆகவே இதை எழுதுகிறேன். ரேவதிக்கும் மலர்க் குழுவுக்கும் நான் வைப்பது வேண்டுகோள் இல்லை, உரிமை கேட்கிறேன். நாற்பது வருஷம் இந்தத் தொழிலுக்கு உழைத்தவன் என்ற உரிமை. பச்சையம்மாள் கேஸை இந்த மலரில் போடும்போது 'காலதாமதமாக அழைத்து வரப்பட்டதால்' என்ற வரியை எடுத்துவிடுங்கள். அந்த டாக்டரிடமும் போன வாரம் நேரில் போய்ச் சொல்லிவிட்டேன். முதலில் கோபப்பட்டார், பிறகு எழுதிக்கொள்ளுங்கள் என்றார். அந்த இடத்தில் இப்படிப் போடுங்கள்: நோயாளியைக் கணவர் திங்கட்கிழமை காலையிலேயே அழைத்து வந்தார். ரத்தம் உறையவில்லை என்பதை அன்றைக்கே கண்டவர் உத்திரமேரூர் கன்னியப்பன். வைட்டமின் கே பற்றாக்குறை என்று சொன்னவரும் அவர். அதை இரண்டு நாள் சொல்லாமல் வைத்திருந்தவரும் அவர். திங்கட்கிழமையே நோட்டில் எழுதியவர் ரேவதி. அதை அழித்தவர் கன்னியப்பன்.

இதில் ஒரு வரியைப் போட்டு இன்னொரு வரியை விடக் கூடாது. எல்லாம் என் வேலைதான். என் பேரை முழுதாக, படிக்கிற அளவுக்குப் பெரிய எழுத்தில் போடுங்கள். பழையசீவரத்தில் அந்தத் தம்பிகளுக்கும் ஐம்பது தாண்டியிருக்கும், பொடி எழுத்து கண்ணுக்குத் தெரியாது.